படியளக்கும் கை: கெடா தோட்டப்புறத்தில் கிறிஸ்தவ ஊழியமும் பொறுப்பும்

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வீட்டு விசாரிப்புக்காரனைப் பற்றிப் பேசுகிறார். எஜமான் ஊரில் இல்லை. வீட்டிலுள்ள வேலைக்காரர், வேலைக்காரிகள் அத்தனை பேரையும் இவன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். திரும்பி வருகிறவன் தன்னை வரவேற்க என்ன ஏற்பாடு நடந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. வீட்டாருக்கு வேளாவேளைக்குப் படியளந்தானா, அவர்களை அடித்து ஒடுக்கினானா என்று பார்க்கிறான். விசுவாசமுள்ளவன் என்ற பெயர் கிடைப்பதும், தண்டனை கிடைப்பதும் அந்த ஒரு விசாரணையில்தான். நம் சபைகளிலும் கோயில்களிலும் இந்தப் பெயரை நாம் வேறு அளவுகோலால் கொடுத்துவருகிறோம். மேலே இருப்பவர் மனம் கோணாமல் நடந்தவர், சொன்ன வேலையை மறுபேச்சில்லாமல் செய்தவர், நீண்ட காலம் பதவியில் இருந்தவர் ஆகியோருக்குப் பொன்னாடை போர்த்தி, உண்மையுள்ள ஊழியர் என்று வாழ்த்துகிறோம். அவர் பொறுப்பில் விடப்பட்ட ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்பது வாழ்த்துரையில் வருவதேயில்லை. கிறிஸ்தவ வாழ்வில் உண்மையுள்ள ஊழியம் எதனால் அளக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வேத நூலில் மட்டுமல்ல, கெடா தோட்டப்புறத்தின் நூறாண்டு வரலாற்றிலும் சான்றுகள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே முடிவுக்குத்தான் வர முடிகிறது என்பது என் வாதம்: உண்மை என்பது மேல்நோக்கிக் காட்டும் பணிவில் இல்லை, கீழ்நோக்கிக் கொடுக்கும் கணக்கில் இருக்கிறது.

கெடா 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்தது. அவ்வாண்டு பாங்காக் உடன்படிக்கையின் வழியாகப் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. வடக்கே நெல் வயல்கள் அப்படியே இருக்க, தெற்கே கோல மூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் போன்ற ஊர்கள் தோட்டங்களை நம்பி வளர்ந்தவை. இந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்தவர் கங்காணி. அவரும் ஒரு விசாரிப்புக்காரர்தான். துரைக்கும் லயத்துக்கும் நடுவே நிறுத்தப்பட்டவர்; தம் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் நம்பிக்கை சொல்லிக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவர். கல்யாணம் பேசி முடிப்பதும், அவசரத்துக்குக் கடன் கொடுப்பதும், சண்டையை விலக்குவதும் அவரே. ஆனால் அவருடைய வரும்படியின் ஒரு பகுதி தலைக்காசு. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு வந்து வேலையில் இறங்கினார்களோ, அந்தக் கணக்குப்படி அவருக்குக் காசு. காய்ச்சலில் படுத்தவனை எழுப்பி அனுப்பினால் கங்காணிக்கு லாபம். ஓய்வெடுக்க விட்டால் நட்டம். நல்ல மனசுக்காரரைக்கூட மேலே பார்த்து நிற்கவைத்த அமைப்பு இது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது கங்காணி ஆள் சேர்த்த காலம் முடிந்தது. அந்த அமைப்பு பழக்கிய மனப்போக்கு அதோடு முடிந்துவிடவில்லை.

கங்காணிக்கு மேலே ஆபீஸ் இருந்தது, அங்கே கிராணி. தோட்ட அலுவலகப் பணியாளர்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்குள் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த படிப்பு அவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது. லயத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவை சிறு தொகை. ஆக, ஒரே வேதத்தை வாசித்த இரண்டு கூட்டத்தார் ஒரே தோட்டத்தில், ஒருவர் செக்ரோலில் பெயர் எழுதுகிறவராகவும் மற்றவர் எழுதப்படுகிறவராகவும் வாழ்ந்தார்கள். செக்ரோல் என்பது சாதாரண ஏடு அல்ல. அன்றைக்கு முழு நாள் கூலிக்கான முழுப் பெயரா, அரை நாளுக்கான அரைப் பெயரா, பெயரே இல்லையா என்று முடிவு செய்வது அதுதான்; மாதக் கடைசியில் ஒரு குடும்பம் சாப்பிடுவது அந்தக் கோட்டைப் பொறுத்தது. பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் படித்துச் சொல்கிறவரின் வாய்ச்சொல்லும் அப்படியே. ஜப்பானியர் ஆட்சியில் இந்த ஏட்டின் கனம் பயங்கரமாகத் தெரிந்தது. 1942, 1943 ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அலுவலகங்கள் ஆள் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. யார் பெயரை எழுதுவது, யார் பெயரை விடுவது என்று பேனா பிடித்தவர் தவித்த தவிப்பை இன்று நாம் தீர்ப்பிடக் கூடாது. ஆனால் போனவர்களில் இறந்தவர்களின் முழுமையான பெயர்ப் பட்டியல் எங்குமே இல்லை என்பதை மறக்கவும் கூடாது. கூலிக்குக் கணக்கு வைத்த அமைப்பு உயிருக்குக் கணக்கு வைக்கவில்லை.

இந்த இடத்தில் தோட்டத்தில் இருந்த இன்னொரு ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குருவானவர் மாதத்துக்கு ஒரு முறையோ, திருநாளுக்கு ஒரு முறையோ வருவார். மற்ற நாட்களில் தோட்டத்துக் கத்தோலிக்கரைக் கட்டிக் காத்தவர் உபதேசியார். பகலில் அவரும் பால் மரம் வெட்டியவராக இருக்கலாம். சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்து மந்திரங்கள் சொல்லிக்கொடுப்பார், செபமாலை சொல்லுவார், புது நன்மைக்கு ஆயத்தம் செய்வார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், சாமியார் வந்து சேர முடியாத அடக்கத்தில் முன்னின்று செபம் சொல்வதும் அவர். சீர்திருத்த சபைகளில் இதே வேலையைச் செய்தவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் சபை மூப்பர்களும். இவர்கள் செய்ததில் நம் எழுத்தாளர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று, எழுதிவைத்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 877ஆம் விதி. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், கொடுத்தவர் பெயர், இடம், ஞானஸ்நானம் கொடுத்த தேதி, பிறந்த தேதி. பின்னாளில் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவோடு சேர்த்துக் குறிக்கப்படும். அதாவது ஒரு மனுஷருக்கு ஒரு வரி திறந்தால், அந்த வரி அவர் வாழ்நாளெல்லாம் அவரைத் தொடர்ந்து வருகிறது.

செக்ரோலில் அதே ஆள் ஓர் எண். வேலையை விட்டுப் போனால் கோடு கிழிக்கப்படும். பதிவேட்டில் அவர் ஒருவருக்கு மகன், ஒருவருக்கு ஞானப்பிள்ளை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களில் பலர் பிறப்புப் பத்திரமின்றியும், குடியுரிமையில்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் அலைந்தார்கள். அந்த அலைச்சல் இன்றும் முற்றும் ஓயவில்லை. ஞானஸ்நானப் பதிவு பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த துணைச் சான்று, கையில் வேறெதுவுமில்லாத குடும்பத்துக்குச் சிறிய உதவியல்ல. வெளிச்சம் போதாத லயத்து வீட்டில் உட்கார்ந்து பெயரின் எழுத்து பிசகாமல் கேட்டு எழுதிய உபதேசியார் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெயரைச் சரியாக எழுதினார். கொஞ்சத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றி லூக்கா 16ஆம் அதிகாரம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய உண்மை குருவானவர் மெச்சுவதில் அடங்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை வந்து கேட்கும்போது அந்த வரி அங்கே இருக்கிறதா என்பதில் அடங்கியிருந்தது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு வேத நூலிலிருந்தே வரும். வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதவில்லையா? மேலே காட்டும் பணிவையே வேதம் கேட்கும்போது நீ ஏன் அதைக் குறைத்துப் பேசுகிறாய்? நியாயமான கேள்வி. பணிவைப் பவுல் கேட்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியை முழுக்க வாசிக்க வேண்டும். மனுஷர் கண்ணுக்கு முன்பாக மட்டும் நல்லவராக நடப்பதை அவர் அங்கே கண்டிக்கிறார். உடனே அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் எஜமான்கள் பக்கம் திரும்பி, நீதியும் செவ்வையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பொருளில் எச்சரிக்கிறார். தோட்டப்புறப் பிரசங்கங்களில் முன்பாதி கேட்ட அளவுக்குப் பின்பாதி கேட்கவில்லை என்றால் அது பவுலின் குற்றமல்ல. பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் அவர் ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை அனுப்பிவைக்கிறார். ஆனால் அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி, அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுகிறார். கூலி என்ற பேச்சு வரும்போது வேதத்தின் குரல் இன்னும் உரக்க ஒலிக்கிறது. அறுவடைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடல், கூலியை மோசம் செய்வது கடவுளின் கோபத்தை வரவழைக்கும் பாவம் என்று யாக்கோபின் அந்த இடத்தையே காட்டியது. கெடாவில் ரப்பர் காலம் தொடங்கும் முன்பே எழுதப்பட்ட மடல் அது. அது லயங்களில் வாசிக்கப்பட்டிருந்தால் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமிருந்தும் இந்தப் பாடம் வந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துக்குள்ளேயே நடந்த கள்ளுக்கடைதான் அவர்களுடைய முதல் இலக்கு. உழைத்த காசு வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கள்ளுக்குப் போவதையும், அதனால் பெண்டு பிள்ளைகள் படும் பாட்டையும் சகிக்காத இளைஞர்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். இயக்கம் கெடாத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது; கூலி, மரியாதை என்று கோரிக்கைகளும் விரிந்தன. 1947 தொடக்கத்தில் அரசாங்கம் போலீசை ஏவி அதை ஒடுக்கியது. பீடோங்கில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பலர் சிறை சென்றார்கள். குடிக்கு எதிராகப் பல்லாண்டுகள் பிரசங்கம் செய்த சபைகளுக்கு இங்கே கற்க வேண்டியது உண்டு. குடிக்கிறவனைக் கண்டிப்பது எளிது. கூலியும் கள்ளுக்கடையும் ஒரே வேலிக்குள் ஏன் வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்பது கடினம். அதைக் கேட்டவர்கள் அடி வாங்கினார்கள். வீட்டாரின் படி எங்கே ஒழுகிப் போகிறது என்று பார்த்து அடைக்கப் போனவர்கள் அவர்கள். லூக்கா சொன்ன விசாரிப்புக்காரனின் வேலையை அவர்கள் பெயர் சொல்லாமல் செய்தார்கள்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இன்னொரு சோதனை வந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது அவை துண்டு துண்டாகக் கைமாறின. வேலையும் லயமும் ஒரே நாளில் பறிபோயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவோம் என்றது. முதலில் வாங்கப்பட்டது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். இதில் என்னை நிறுத்துவது அந்தப் பத்து வெள்ளி. நாட்கூலிக்காரர் வீட்டில் அது அரிசியாகவும் புத்தகமாகவும் மாறியிருக்க வேண்டிய பணம். அதை வாங்கிக்கொண்டவர் ரசீது கொடுத்தார், பங்கு எழுதினார், பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்தார். நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோமோ அது இப்படி நடைமுறைகளால்தான் தாங்கி நிற்கிறது. நம்பிக்கை இருக்கிறதே, கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஏழையின் பத்து வெள்ளியின் கனத்தை அறியாதவர்கள்.

இந்த இடத்தில் பக்தியுள்ள மனங்களிலிருந்து அழுத்தமான மறுப்பு எழும். சங்கமும் கூட்டுறவும் நல்லவைதான். ஆனால் திருச்சபையின் வேலை ஆத்துமாக்களை மீட்பது. போதகர் பிரசங்கிக்கட்டும், குரு பலி நிறைவேற்றட்டும்; அடையாள அட்டைக்கும் கூலிக்கும் அரசாங்கமும் தொழிற்சங்கமும் இருக்கின்றன. இதற்கு ஆதாரமாக அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தையே காட்டுவார்கள். பந்தி விசாரணையைவிட வசன ஊழியம் முக்கியம் என்று பன்னிருவரே சொன்னார்களல்லவா? சொன்னார்கள். ஆனால் பந்தியை அவர்கள் மூடிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று பிரசங்கியாருக்குக் கேட்கும் தகுதியைச் சோறு பரிமாறுகிறவருக்கும் கேட்டார்கள். அதைவிட முக்கியம், பிரச்சினை எங்கே முளைத்தது என்பது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விட்டுப்போனார்கள். பெரும்பான்மை மொழிக்காரர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று அங்கே எழுதியில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன மொழிக்காரர் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டது.

கெடா நகரங்களின் பங்குகளில் தமிழும் ஆங்கிலமும் சீனமும் மலாயும் ஒரே கூரையின் கீழ் வழிபடுகின்றன. தோட்டம் அழிந்து தாமான் என்ற நகரக் குடியிருப்புகளுக்குக் குடிவந்த முதியவர்கள் தமிழில் மட்டும் பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரிந்தவர்கள். நோயாளி சந்திப்புப் பட்டியலிலும், உதவி நிதியின் விண்ணப்பத்திலும், கூட்ட அறிவிப்பிலும் அவர்கள் மொழி இல்லாவிட்டால், அது பக்தியில் நேர்ந்த குறையல்ல. பந்தியில் நேர்ந்த குறை. எருசலேம் சபை அதை ஊழியத்தின் குறையாகவே எடுத்துக்கொண்டது.

பொறுப்பைப் பகிர்ந்து ஒப்படைக்கும் இந்த உணர்வு மலேசியத் திருச்சபைக்குப் புதிதல்ல. வெளிநாட்டு மிஷனரிகள் தங்கும் காலத்துக்கு அரசாங்கம் வரம்பு கட்டிய பின்னணியில், 1976இல் தீபகற்பத்தின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஒரு மாத காலம் கூடி எதிர்காலத்தை ஆராய்ந்தார்கள். சிறு கிறிஸ்தவக் குழுக்களைக் கட்டியெழுப்புவதும், பொதுநிலையினரிடம் பொறுப்பு ஒப்படைப்பதும் அங்கே முன்னுரிமை பெற்றன. சாமியார் வராத நாட்களில் தோட்டங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை அறிந்தவர்களுக்கு அது ஏற்கெனவே பழகிய பாதை.  

ஆனால் பொறுப்பு கைமாறியதோடு கணக்கும் கைமாறியதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நகரத்துச் சபைகளில் இன்று வலுவாக நிற்கும் ஒரு பேச்சு: ஊழியம் ஆண்டவருக்குச் செய்வது, மனுஷருக்கு ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா? இதற்குப் பவுலே பதில் வைத்திருக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தை அவர் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரை உடன் அனுப்புவதாகவும், ஆண்டவர் பார்வையில் மட்டுமல்ல, மனுஷர் பார்வையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்றும் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். அப்போஸ்தலருக்கே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்றால் நமக்கு அது அவமானமாவதெப்படி? கத்தோலிக்கச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537ஆம் விதி. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் விதி. அதற்கு முந்திய விதி, திருச்சபைக்கு வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கச் சொல்கிறது. கோயிலைத் திறந்து பூட்டுகிறவருக்கும், வளாகம் பெருக்கும் அம்மாவுக்கும் சேமநிதி கட்டப்படுகிறதா, பெர்க்கெசோ பாதுகாப்பு இருக்கிறதா என்பது அப்படிப் பார்த்தால் நிர்வாகக் கேள்வி மட்டுமல்ல. பீடத்தில் யாக்கோபை வாசித்துவிட்டு, வாசலில் நிற்பவரின் கூலியை ஊழியம் என்று சொல்லிக் குறைக்கிற சபை எந்த மரபைச் சேர்ந்ததாயினும் தன் வாசிப்பையே பொய்யாக்குகிறது. மெதடிஸ்தர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. பணத்தைப் பற்றி ஜான் வெஸ்லி அளவுக்கு வெளிப்படையாகப் பிரசங்கித்த சபை நிறுவனர்கள் குறைவு, அதுவும் அயலானைக் கெடுத்துச் சம்பாதிப்பதைத் திட்டவட்டமாக விலக்கியே.

லுத்தரன் மரபில் வளர்ந்தவர்கள் வேறோர் இடத்தில் தயங்குவார்கள். கிருபையால் இரட்சிப்பு, கிரியையால் அல்ல. நீ ஊழியத்தை அளக்கத் தொடங்கினால் மீண்டும் கிரியைக்குள் விழுகிறாய். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய நாள்முதல் தமிழ் லுத்தரன் சபைகள் காத்துவந்த செல்வம் அந்தப் போதனை. ஆனால் 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய மார்ட்டின் லூத்தரின் வாதம் இந்தக் கட்டுரையின் பக்கமே நிற்கிறது. இரட்சிப்புக்காக இனி எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பதால் விசுவாசியின் கை காலியாகிறது. அந்தக் காலிக் கை இப்போது அயலானுக்குச் சொந்தம் என்பதே அவர் சொன்னதன் சாரம். கடவுளுக்கு நம் கிரியை தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவை. ஊழியம் மேலே போய்ப் புண்ணியமாகச் சேர்வதில்லை, கீழே இறங்கிச் சோறாகிறது. மத்தேயு 20இல் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரரின் உவமை கிருபையைப் பற்றியதுதான். ஆனால் கிருபைக்கு இயேசு தேர்ந்த உருவகம் ஒரு நாட்கூலிக்காரன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிவது. பெரட்டுக்குப் போய் வேலை இல்லை என்று திருப்பியனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த உவமை வேறெவரையும்விட நன்றாகப் புரிய வேண்டும்.

இன்னும் ஒரு மறுப்பு பாக்கி. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. நாம் சிறுபான்மையிலும் சிறுபான்மை. இந்நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. கெடா போன்ற மாநிலத்தில் சத்தமில்லாமல் இருப்பதே புத்தி. எச்சரிக்கை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. சட்டத்தை மதிப்பதும் பிற சமயத்தார் மனம் புண்படாமல் நடப்பதும் பொறுப்பின் பகுதிகளே. ஆனால் முதியவரைச் சந்திப்பதற்கும், பத்திரமில்லாத பிள்ளைக்கு ஆவணம் தேடுவதற்கும், நம் பணியாளருக்கு நியாயக் கூலி கொடுப்பதற்கும் எந்தச் சட்டம் தடை? மத்தேயு 25இல் ஒரு தாலந்து பெற்றவன் திருடவில்லை, வீணடிக்கவில்லை, வட்டிக்காரனிடம் ஏமாறவும் இல்லை. பயந்தேன் என்கிறான், பயந்து புதைத்தேன் என்கிறான். வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தும் பயனற்ற ஊழியக்காரன் என்ற தீர்ப்பை வாங்கினவன் அவன் ஒருவனே. பாதுகாப்பாக இருந்ததை விசுவாசமாக இருந்ததாக நினைத்துக்கொண்டதுதான் அவன் பிழை.

இன்றைய கெடாவில் இந்தப் பிழைக்கு இடம் கொடுக்கக்கூடிய களம் நம் கண்ணெதிரே இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களிலும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றிய தொழிற்சாலைகளிலும், சுங்கைப்பட்டாணிக் கட்டுமானத் தளங்களிலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசராகவும், கான்ட்ராக்டராகவும், தங்குமிடப் பொறுப்பாளராகவும் இருப்பவர்களில் நம் சபைகளின் மூப்பர்களும் பங்குப் பேரவை உறுப்பினர்களும் உண்டு. பால் மரம் வெட்டிய தாத்தாவின் பேரன் இன்று கங்காணி இருந்த இடத்தில் நிற்கிறான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உழைத்து அடைந்த உயர்வு அது. ஆனால் லூக்கா 12 இப்போது அவனைப் பார்த்துப் பேசுகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து தங்குமிடம், முன்பணம், ஏஜெண்டு கட்டணம் என்று எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பது அவனுக்குத் தெரியும். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது குற்றம் என்பதும், அது எந்த அலமாரியில் பூட்டியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். ஏழைக் கூலிக்காரன் சொந்த ஜனமானாலும் அந்நியனானாலும் அவன் கூலியைப் பொழுது போகும் முன்னே கொடுத்துவிடு என்று உபாகமம் 24 கட்டளையிடுகிறது. அந்நியன் என்பதைத் தனியாகப் பெயர் சொல்லி.

ஆகவே சபைகளின் வருடாந்தரக் கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் மாற வேண்டும். எத்தனை ஆராதனை நடந்தது, எவ்வளவு காணிக்கை வந்தது என்பவற்றோடு, பட்டியலில் இருந்த முதியவர்களில் எத்தனை பேரை யார் போய்ப் பார்த்தார், எத்தனை பிள்ளைகளின் பத்திரம் எந்த நிலையில் நிற்கிறது, வேலையாட்களுக்குச் சேமநிதி எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது என்பவையும் அறிக்கையில் வரட்டும். தங்கள் கீழ் ஆள் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் வைப்பதன் சட்டத்தையும் வேதத்தையும் சேர்த்துப் படிக்கும் அமர்வு நடக்கட்டும். அதில் பேச ஒரு தொழிலாளர் துறை அதிகாரியை அழைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அறிக்கை தமிழிலும் அச்சாகட்டும். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கப்படட்டும், முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரும்படி.